துரை நாற்காலியும் எங்கள் வீட்டு செட்டீயும்

எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், நெடுநாளாக ஒரு நாற்காலி கிடந்தது. அதன்மேல் அரிசிச் சாக்கு, பழைய பேப்பர் கட்டு, தீபாவளிக்கு மட்டும் கீழே இறங்கும் முறுக்கு உரல், சில நாள் பக்கத்து வீட்டுப் பூனை. போன சீனப் பெருநாள் விடுமுறைக்கு அக்கா மகன் குடும்பத்தோடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்தான். காலையில் பசியாறிவிட்டுக் கை கழுவப் பின்னால் போனவன் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தால், சாக்கை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சித்தி, கோலாலம்பூர்ல இது என்ன விலை போகுது தெரியுமா?"

"வேணும்னா சும்மாவே தூக்கிட்டுப் போப்பா. எனக்கு இடம் மிச்சம்" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரு, எதைத் தூக்கிட்டுப் போறது?" அம்மாவுக்குக் காது மந்தம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த மாதிரிப் பேச்சுக்கு அது பொருந்தாது.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் துரை நாற்காலி. மலாய்க்காரர்கள் இந்த வகையைக் கெருசி மாலாஸ் என்பார்கள், சோம்பேறி நாற்காலி. இந்தியா, சிலோன், மலாயா என்று வெள்ளைக்காரன் தோட்டம் போட்ட இடமெல்லாம் இது இருந்தது. முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும். உட்காரும் இடமும் முதுகும் ஒரே வளைவாகப் பிரம்பில் பின்னியிருக்கும். விசேஷம் கைகளில்தான். சாதாரண நாற்காலியின் கை முழங்கையோடு நின்றுவிடும். இதன் கை முழங்காலையும் தாண்டி ஓடும். எங்களுடையதில் கைக்கு அடியில் இன்னொரு பலகை ஒளிந்திருக்கும். சுழற்றி வெளியே இழுத்தால் இன்னும் நீளும். காலையெல்லாம் கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நடந்த கால்களைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொண்டால், வீங்கிய பாதம் இறங்கும். பிரம்பு ஓட்டைகள் வழியே முதுகுக்குக் காற்று வரும். மின்விசிறி இல்லாத காலத்து வராந்தாவுக்கென்றே யோசித்துச் செய்த சாமான்.

தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தார். 1948 ஜூன் 16 காலையில் எங்கள் ஊர்ப்பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீடித்தது. எங்கள் தோட்டம் அவற்றில் ஒன்றில்லை என்றாலும், பங்களாவைச் சுற்றி முள்கம்பியும் மணல் மூட்டையும் வந்துவிட்டன. அப்போது அம்மாவுக்கு ஆறு வயது. ஆனால் தாத்தா சொன்ன கதைகளில் பட்டாளமும் கம்யூனிஸ்டும் கொஞ்சமாகத்தான் வருவார்கள். நாற்காலியை வராந்தாவிலிருந்து ஹாலுக்குள் நகர்த்தினார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய சம்பவம். உள்ளே காற்று இல்லை. துரைக்குக் கோபம் கூடிவிட்டது. அந்தக் கோபமெல்லாம் கறியில் உப்பு பார்க்க வந்துவிட்டது என்பார்.

மாலை ஆறு மணி அடித்தால் துரைக்கு ஒரு கிளாஸ், விஸ்கி பாதி சோடா பாதி. மலாயில் பாதிக்கு ஸ்தெங்கா. அந்தக் குடிக்கே ஸ்தெங்கா என்றுதான் பெயர். தட்டில் எடுத்துப்போய் நாற்காலியின் வலது கைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். இதைத் தாத்தா எங்களுக்கு நடித்தே காட்டுவார்.

1957-ல் சுதந்திரம். அதையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் கசப்போடு சொல்லும் சொல் அது. அதை எதிர்கொள்ளத்தான் 1960-ல் எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் தோட்டம் தப்பவில்லை. பங்களாவைக் காலி செய்தபோது தாத்தா கையோடு வந்தவை ஒரு கறிக்கத்தி, இரண்டு பீங்கான் தட்டு, இந்த நாற்காலி. விலைக்கு வாங்கினாரா, சும்மா கிடைத்ததா என்பதில் அம்மாவுக்கும் மாமாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் அதைப் போட முன்வாசலை விட்டால் இடம் கிடையாது. போட்டார்கள். யாரும் உட்காரவில்லை. தாத்தா அதன் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். கோயில் திருவிழாவுக்கு வரும் பேச்சாளர், பிரட்டுக் கணக்கு, அதாவது வேலையாள் வருகைக் கணக்கு, பார்க்க வரும் கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா, இப்படி யாராவது வந்தால் மரியாதைக்கு அதில் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தவர்கள் பாடு திண்டாட்டம். அந்த நாற்காலியில் நேராக உட்கார முடியாது, சாய்ந்தால்தான் உண்டு. சாய்ந்தால் காலைத் தூக்கச் சொல்லும். தோட்டத்து ஜனங்களுக்கு முன்னால் காலைத் தூக்கி நீட்டிப் போடும் துணிச்சல் கிராணிக்குக்கூட வரவில்லை. நுனியில் தொற்றிக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து ஓடிவிடுவார்கள்.

1979-ல் அப்பா தோட்டத்தை விட்டு டவுனில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் புதுச் சாமான் செட்டீ. சோபா என்று அப்போது எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. "செட்டீ வாங்கப் போறேன்" என்று அப்பா சொன்னதும் அவருடைய அம்மா, "செட்டி எதுக்குடா வீட்டுக்கு வர்றான்? எவ்வளவு வாங்கித் தொலைச்ச?" என்று பதறிவிட்டாராம். அப்பாயிக்குத் தெரிந்த செட்டி வட்டிக்குக் கொடுப்பவர். பெராபோட் கடையில், அதாவது மேசை நாற்காலி விற்கும் கடையில், மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினார் என்பதால், அப்பாயி சொன்னதும் முழுக்கத் தப்பில்லை.

மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒருவர் உட்காருவது இரண்டு. மரக் கைகள், கீழே போகப்போக ஒல்லியாகும் மரக் கால்கள், கருஞ்சிவப்பு ரெக்சின் குஷன். டென்மார்க் பாணியைப் பார்த்து உள்ளூர்ச் சீனத் தச்சர்கள் செய்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை அம்மா இரண்டு தீபாவளிக்குக் கழற்றவே இல்லை. மத்தியானத்தில் பாவாடையோடு உட்கார்ந்து எழுந்தால் தொடைத்தோல் பிய்ந்து வரும். பிளாஸ்டிக் போனதும் தலை சாயும் இடத்தில் அம்மா கையால் பின்னிய வெள்ளைத் துணி வந்தது. அதற்கு இங்கிலீஷில் ஆன்டிமக்காசார் என்று பெயர். விக்டோரியா காலத்து ஆம்பிளைகள் தலையில் மக்காசார் எண்ணெய் தடவிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நாற்காலியை நாசம் பண்ணியதால் வந்த துணி. மக்காசார் நமக்குப் பக்கத்தில் இருக்கும் சுலாவெசித் தீவின் துறைமுகம். எங்கள் வீட்டில் கறை என்னவோ தேங்காய் எண்ணெய்தான், துணி அதே துணி.

2016-ல் எனக்கும் ஆசை வந்தது. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு நெருங்கும் நேரம், வீட்டுக்குப் புதுசாக ஒன்று வேண்டாமா? பழைய செட்டீயை ஸ்டோர் அறையில் தள்ளிவிட்டு, எல் வடிவத்தில் சாம்பல் நிற சோபா ஒன்று வாங்கினேன். மூன்றாம் வருடம் நடுவில் குழி விழுந்தது. கடைக்குப் போன் அடித்தால், "ஒரே எடத்துல உட்காருறீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். சோபாவில் வேறு எப்படி உட்காருவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி என்று டவுனில் குஷன் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவரை, எல்லாரும் அப்பேக் என்போம், கூட்டி வந்தேன். அடித்துணியைக் கிழித்து டார்ச் அடித்துப் பார்த்தார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, கைப்பகுதியில் அட்டை, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த ஸ்டேப்பிள் ஊசி. அந்த ஊசி ஒருமுறை பிடுங்கிக்கொண்டால் மறுபடி அடிக்க அந்தப் பலகையில் பிடிமானம் கிடையாது. "கெர்த்தாஸ், டீச்சர்" என்றார். காகிதம். அப்புறம் ஸ்டோர் அறைக் கதவு திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் பழைய செட்டீயின் காலை விரல் மடக்கித் தட்டினார். "இனி கயு பெத்துல். ஜாங்கான் புவாங்." இது நிஜ மரம், தூக்கிப் போட்டுவிடாதே.

அவர் கடையில் அதைப் பிரித்த மத்தியானத்தை நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். ரெக்சினை உரித்தார். இடுக்கிலிருந்து நாடாளுமன்றக் கட்டடம் போட்ட பழைய 20 காசு ஒன்று, அக்காவின் கொண்டை ஊசி, தம்பி தொலைத்ததாகச் சொல்லி அடி வாங்கிய ஜியோமெட்ரி காம்பஸ். (படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். 40 வருடம் கழித்து நிரபராதி.) அடுத்து குஷன். இப்போதைய ஸ்பாஞ்ச் மாதிரி இல்லை; கனம். திருப்பினால் அடிப்பக்கம் தேன்கூடு போல வரிசை வரிசையாகக் குழிகள். ஓரங்கள் காய்ந்த ரொட்டி மாதிரி மஞ்சளாகி, தொட்டால் பொடிப் பொடியாக உதிர்ந்தன. நடுப்பகுதி அமுக்கினால் இன்னும் மெதுவாக எழுந்து வந்தது. அப்பேக் ஒரு துண்டைக் கிள்ளி என் மூக்கருகே நீட்டினார்.

"கெத்தா" என்றார். கித்தா.

கித்தாப் பாலேதான். 1929-ல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனிக்காரர்கள் முட்டை அடிப்பதுபோல ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி உறைய வைத்து, சூடாக்கி மெத்தையாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை மெத்தை நாற்காலி என்றால் உள்ளே ஸ்பிரிங், குதிரை மயிர், தேங்காய் நார். 1951-ல் இத்தாலியில் மார்கோ ஜானுசோ என்பவர் வடிவமைத்த லேடி என்ற கைநாற்காலியில் அதையெல்லாம் தூக்கிவிட்டு, ரப்பர் நுரையும் ரப்பர் பட்டையும் வைத்தார்கள். அது பெரிய பேர் வாங்கியது. எங்கள் செட்டீயிலும் குஷனுக்கு அடியில் குறுக்கே ஓடியது ரப்பர் பட்டைதான், இற்றுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாளில் பெட்ரோலியத்திலிருந்து செய்யும் மலிவான நுரை வந்து சோபாக்களிலிருந்து ரப்பரைத் துரத்திவிட்டது.

பால் கெட்டியாகாமல் கப்பலில் போய்ச் சேர அமோனியா ஊற்றுவார்கள். அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வந்தால் மேலெல்லாம் அந்தப் பால் ஸ்டோர் வாடை அடிக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிச் சேர்த்த பால், எங்கேயோ சுற்றிவிட்டு, தவணைக் கடனாக எங்கள் வீட்டுக்கே மெத்தையாக வந்திருக்கிறது. எங்கள் மரத்துப் பால்தான் என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் அம்மாவிடம் அந்தத் துண்டைக் கொண்டுவந்து காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "அப்படின்னா நான் எடுத்த பாலுக்கு நானே தவணை கட்டியிருக்கேன்" என்றார்.

மரத்துக்கும் இதே கதை. என் சின்ன வயதில் பால் வற்றிய கித்தா மரம் விறகு. புகைக் கூண்டில் ரப்பர் ஷீட்டைக் காய வைக்க எரிப்பார்கள். வெட்டிப் போட்டால் பூச்சி ஏறும், பூஞ்சை பிடித்து நீலம் பாயும், அதனால் யாரும் தச்சு வேலைக்குத் தொடமாட்டார்கள். அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றினால் பூச்சி அண்டாது என்று தெரிந்த பிறகு நிலைமை தலைகீழ். 25, 30 வருடம் பால் கொடுத்துவிட்டு விழும் மரம், இன்று ஜொகூர் மாநிலத்து மூவார் பட்டறைகளில் மேசை நாற்காலியாகி வெளிநாடு போகிறது. மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பங்கு இதுதான். என் எல் வடிவ சோபாவில் அந்தப் பலகையாவது இருந்திருக்கக் கூடாதா?

செட்டீக்குப் புதுப் பட்டை, புதுக் குஷன், பச்சைத் துணி. ஹாலுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா மகனுக்குக் கண் திறந்தது என்று நினைக்கிறேன்.

நகரத்தில் இதற்கெல்லாம் நல்ல மவுசு. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வாரக் கடைசியில் கூடும் பழைய சாமான் சந்தையிலும், ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பாசார் காராட்டிலும், நாங்கள் லோரியில் ஏற்றி அனுப்பிய சாமான்களை இளசுகள் பேரம் பேசி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது. யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் ஹால் சின்னது. இப்போதைய சோபா தரையோடு தரையாக மூட்டை மாதிரி உட்கார்ந்து பாதி அறையை அடைத்துக்கொள்கிறது. பழைய நாற்காலி ஒல்லிக் காலில் நிற்கும். அடியில் தரை தெரியும், வெளிச்சம் போகும், விளக்குமாறும் போகும். லிப்டிலும் ஏறும். கெட்டால் பிரிக்கலாம்.

எங்கள் ஊரில் நிலைமை வேறு. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் தாமான் என்கிற குடியிருப்புத் தெருக்களில் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு குப்பைத் தொட்டி பக்கத்தில் நல்ல மரத்தில் செய்த பழைய செட் கிடக்கும். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துரை வீட்டுப் பழசு, கிராணி வீட்டுப் பழசு என்று கழித்துப்போட்டதையே வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். கை படாத சாமான், பிளாஸ்டிக் உறையோடு நம் வீட்டு வாசலில் இறங்க வேண்டும் என்பது எங்கள் தலைமுறைக்கு ஒரு வெறி. பிறந்ததிலிருந்து புதுசையே பார்த்த பிள்ளைகளுக்குத்தான் பழசில் ருசி தெரிகிறது. அக்கா மகனிடம் காரணம் கேட்டேன். "எங்க கொண்டோல 13-வது மாடியும் 14-வது மாடியும் ஒரே மாதிரி சித்தி. சோபாகூட ஒண்ணுதான். ஒரு நாள் மாடி மாறி எறங்கிட்டு, கதவு திறக்கலைன்னு அஞ்சு நிமிஷம் நின்னேன்" என்றான்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வகை நாற்காலியைக் கடைக்காரர்கள் காலனித்துவ அழகு என்று சீட்டு ஒட்டி விற்கிறார்களாம். அழகுதான், மறுக்கவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றவரையும் சேர்த்துத்தானே அந்தப் படம்?

அம்மா சம்மதிக்க மூன்று நாள் ஆனது. முதலில் அப்பேக்கிடம் போய் மெருகு போட வேண்டும், அப்புறம் பிரம்பு. அப்பேக் வீட்டுக்கே வந்து சாக்குத் தூசியைத் துடைத்தார். உள்ளே தேக்கு. வலது கையில், துடைத்த இடத்தில், வட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து, எல்லாம் ஒரே அளவு, ஓரிடத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு. பழைய மெருகு அரக்கில் போட்டது. ஈரக் கிளாஸ் வைத்தால் வெளுக்கும், விஸ்கி சிந்தினால் அரக்கே கரையும். இவை அரக்கையும் தாண்டி மரத்துக்குள் இறங்கிக் கறுத்திருந்தன. "தேய்ச்சா போயிடும்" என்று அப்பேக் உப்புத்தாளை எடுத்துக் காட்டினார். அக்கா மகன் தலையாட்டினான்.

அம்மா கட்டிலிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். விரலால் ஒரு வட்டத்தைச் சுற்றி வந்தார்.

"இத விட்டுரச் சொல்லு."

"பாட்டி, துரை குடிச்ச கறை அது."

"குடிச்சது அவன். வச்சது எங்கப்பா. தெனம் ஒரே எடத்துல வச்சிருக்காரு பாரு."

அப்பேக்குக்கு மலாயில் விளக்கிச் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடத்தில் டேப் ஒட்டினார். மற்ற இடமெல்லாம் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். அந்தத் திட்டு மட்டும் சொறி மாதிரி நிற்கிறது. கூலியில் குறைக்கவில்லை.

பிரம்புக்குக் கோலாகங்சார் பக்கம் ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம் போனோம். போகிற வழியில், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், 1877-ல் நட்ட கித்தா மரம் வேலிக்குள் நிற்கிறது. இந்த நாட்டில் முதன்முதலாக நட்ட சிலவற்றில் ஒன்று. பேரப்பிள்ளைகள் அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் ரொத்தான், அதாவது பிரம்பு, பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு பின்னினார். நெடுக்கே, குறுக்கே, பிறகு இரண்டு மூலைவாட்டில்; எட்டு மூலை ஓட்டைகள் வரிசையாகப் பிறந்து வந்தன. காய்ந்ததும் தோலாக இறுகிக்கொள்ளும். ஏர்கோன் அறையில் வைத்தால் ரொம்பக் காய்ந்து வெடிக்குமாம். அவ்வப்போது அடிப்பக்கமாக ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். மேல்பக்கம் வழுவழுப்பான தோல், தண்ணீர் குடிக்காது. ரொத்தான் என்றால் தமிழ்ப்பள்ளி ஹெட்மாஸ்டர் கையில் பார்த்த ஞாபகம் மட்டும் இருந்த எனக்கு, அது இவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது புதுச் செய்தி.

லிப்டில் ஏறியதாம். கைப்பலகையை உள்ளே மடக்கி, செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

போன வாரம் படம் அனுப்பினான். பால்கனி ஓரம், சாயங்கால வெளிச்சம், நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. அதில் அவன் மகள், எட்டு வயது, இரண்டு காலையும் இரண்டு கைகள்மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு, வாயில் சூப்பு மிட்டாயோடு டேப்லட் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வலது கையில், அந்தத் திட்டின்மேல், அவன் பெண்டாட்டி ஒரு சின்னக் கள்ளிச்செடித் தொட்டியை வைத்து மறைத்திருக்கிறாள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்த மாதிரித் தெரியவில்லை.

அம்மாவிடம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன், பிள்ளையின் கால் வரைக்கும்.